உடுத்தின சேலைக்குத் தீர்வை இல்லை

அந்தச் சுங்கச் சேவகனின் மீசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அம்மை கண்டு பிழைத்த வருஷம். மாசி மகத்தன்று அம்மனுக்குப் பட்டு சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். பாகூரிலிருந்து எங்கள் தெரு அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடலுக்குப் போவோம். அம்மன் கடலாடியதும் புதுச்சேலை சாத்துவார்கள். புதுச்சேரியில் வாங்கிய அரக்குப் பட்டு, மடிப்புக் கலையாமல் அம்மாவின் தலைமேல் தாம்பாளத்தில் இருந்தது.

நாங்கள் பிரெஞ்சுக்காரன் குடிகள். அந்தக் கடற்கரை இங்கிலீஷ்காரனுடையது. நடுவில் சுங்கச் சாவடி.

"புதுப் பட்டா? தீர்வை கட்டு. இல்லாட்டி வச்சிட்டுப் போ," என்றான் சேவகன்.

"சாமிக்குங்க," என்றாள் அம்மா.

"சாமின்னா இன்னா, கவர்னரா?"

அம்மாவின் முந்தானை முடிச்சில் பொரி வாங்கத்தான் காசு இருந்தது. அம்மனோடு மேளச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவன் பெரிய தர்மப்பிரபு மாதிரி சொன்னான்: "உடுத்தின சேலைக்குத் தீர்வை இல்ல. அந்தப் பொண்ணுக்குச் சுத்தி இட்டுக்கினு போயேன்."

அம்மா யோசிக்கவில்லை. யோசிக்க எங்கே விட்டான், பாவி! புளியமரத்து மறைவில் என் பாவாடைமேலேயே சுற்றிவிட்டாள். பட்டு காலைத் தடுக்கத் தடுக்க நான் பெருமையாக வேறு நடந்தேன். அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கடற்கரையில் இடிந்த கோட்டைச் சுவரைக் காட்டி மாமா கதை சொன்னார். "இத்த வெலைக்கு வாங்கறப்போ வெள்ளக்காரன் பீரங்கி சுட்டானாம். குண்டு எம்மாந்தூரம் போய் வுழுந்துதோ, அதுவரைக்கும் அவன் மண்ணு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நிலம் அளக்க ஒரு கயிறு கூடவா கிடைக்கவில்லை அந்தப் படுபாவிகளுக்கு?

அம்மன் ஈரம் சொட்ட மணலில் இருந்தாள். பூசாரி சேலைக்குக் கை நீட்டினார். அம்மா என் இடுப்பிலிருந்து அவிழ்ப்பதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"மனுசி கட்டனத சாமிக்குச் சாத்துவாங்களா? இன்னாம்மா, புத்தி கெட்டுப் போச்சா உனுக்கு?"

அத்தனை பேர் எதிரில் கத்தாமல் மெல்லச் சொல்லியிருக்கலாம். அம்மனுக்குப் பழஞ்சேலையையே சாத்தினார்கள். அம்மா அந்தப் பட்டை மறுபடி எனக்கே சுற்றிவிட்டாள்.

திரும்பும்போது சாவடியில் அதே சேவகன் பல்லைக் காட்டினான். "எப்டி, நான் சொன்ன வழி?"

அம்மா என்னை இழுத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினாள். எங்கள் பக்கம் வந்ததும் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"எம்பொண்ணு உசுருக்கு வச்ச வேண்டுதல்டா! நாசமாப் பூடுவ!"

தூற்றிய மண் எல்லை தாண்டிப் போய் அவன் மீசையில் விழுந்தது. அதற்கு அவன் தீர்வை கேட்கவில்லை.