அதேதானா, புதுசா?

கட்டிங் அறைச் சுவரில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. பஞ்சுத் துகள் படிந்து எப்போதும் லேசாக நரைத்திருக்கும். போர்ட் லூயி தலைமை அலுவலகத்திலிருந்து கிளார்க் அதில் கூப்பிட்டு, இந்த மாடல், இந்தத் துணி, இத்தனை பீஸ் வெட்டு என்று சொல்வார். சொல்லி முடித்து, இந்தப் பக்கம் "சரி" என்பதற்குள் லைன் அறுந்துவிடும். ஒரு நிமிஷத்தில் மறுபடி மணி அடிக்கும். கட்டிங் அறையின் தலைவியான அக்கா ரிசீவரை எடுத்ததும் அலோ கூடச் சொல்லமாட்டார். "மெம் ஸாஃபேர், உபியேன் நுவோ?" என்பார். முன்னே சொன்ன அதேதானா, இல்லை புதுசா? கிளார்க் எரிச்சலில் கத்துவது அறை முழுக்கக் கேட்கும்: "அயோ, மெம் ஸாஃபேர், மெம் ஸாஃபேர்!" அக்கா நிதானமாக, முன்பு எழுதிய சீட்டின்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு ரிசீவரை வைப்பார். புதுச் சீட்டு எழுதமாட்டார். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அது தெரிவதற்கு அவருடைய வேலை போக வேண்டியிருந்தது.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே தையல் ஆலைகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நான் கோயம்புத்தூரிலிருந்து மொரீஷியஸ் போனேன். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியும் என்று நானே சொன்னேன், நம்பிவிட்டார்கள். போர்ட் லூயியில் டிராங்கெபார் என்ற பகுதியில் ஒரு அறை கிடைத்தது. பெயரைக் கேட்டதும் நம் தரங்கம்பாடி மாதிரி ஜன்னலைத் திறந்தால் கடல் என்று நினைத்து, ஊருக்கு அப்படியே கடிதமும் எழுதிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் என் தமிழைக் கேட்டுப் பெரியவர்கள் கண் கலங்குவார்கள். கடையில் ரொட்டி வாங்க என் கிரியோல் போதாது. எந்த இடத்தில் எனக்கு மரியாதை கிடைத்ததோ அந்த இடத்தில் என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆலையில் இரண்டும் கிடைக்கும் என்று நம்பினேன்.

ஆலை வடக்கே ரிவியேர் டு ராம்பாரில். டைரக்டரும் கணக்கும் ஆர்டரும் போர்ட் லூயியில். தொலைபேசிக் கத்தலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன டைரக்டர், இரண்டு ஊர்க் கம்ப்யூட்டரையும் ஒரு டெலிபோன் லைனில் கட்டு, ஆர்டர் தானாகப் போகட்டும் என்றார். ரிமோட் புரொசீஜர் கால் என்ற சங்கதியை அப்போதுதான் ஒரு கையேட்டில் படித்திருந்தேன். படித்த அன்று எனக்குத் தரை தட்டுப்படவில்லை. ஒரு புரோகிராமுக்குள் ஒரு வேலையைக் கூப்பிட்டால் அது நடக்கும், பதில் வரும், அடுத்த வரிக்குப் போகலாம். இதில் அந்த வேலை இருப்பது வேறு ஊரில், வேறு மெஷினில். ஆனால் எழுதுகிறவன் உள்ளூர் வேலையைக் கூப்பிடுகிற மாதிரியே எழுதலாம். இந்தப் பக்கம் ஸ்டப் என்று ஒரு பியூன். கொடுத்த விவரங்களை மூட்டை கட்டி லைனில் அனுப்புவான். அந்தப் பக்கம் இன்னொரு பியூன் மூட்டையைப் பிரித்து, வேலையைச் செய்யச் சொல்லி, பதிலை மூட்டை கட்டித் திருப்புவான். அதுவரை கூப்பிட்ட புரோகிராம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 'வெட்டு' என்று போர்ட் லூயியில் ஒரு வரி எழுதினால், ரிவியேர் டு ராம்பாரில் பிரின்டர் கரகரவென்று சீட்டை அடிக்கும். நடுவில் இருக்கிற கரும்பும் மழையும் பாதி விழுந்த கம்பங்களும் மறந்துபோகும். ஊரே பக்கத்து அறைக்கு வந்துவிட்ட மாதிரி.

பதில் வராவிட்டால்? கையேட்டில் அதற்கும் வழி இருந்தது. கொஞ்சம் காத்திரு, மறுபடி கூப்பிடு. டைரக்டருக்குத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காது, அதனால் காத்திருக்கும் நேரத்தை நான் பாதியாகக் குறைத்தேன். சீட்டு எண்ணை ஆலை மெஷின் அடிக்கும்போதே போட்டுக்கொள்ளும்படி வைத்தேன். அதுதான் சுத்தம் என்று எனக்குத் தோன்றியது. லைன் ஒரேயடியாகச் செத்துப்போனால் கையால் ஆர்டர் அடிக்க, அவசரத்துக்கு ஒரு கீபோர்டும் கட்டிங் அறையில் வைத்தேன்.

இதையெல்லாம் பொருத்தவென்று ஒரு வாரம் கட்டிங் அறையிலேயே இருந்தேன். அக்கா, வெட்டும்போது விரல் போகாமலிருக்கப் போடும் இரும்புக் கண்ணிக் கையுறையைக் கழற்றாமலே வந்து மெஷினைச் சுற்றிப் பார்ப்பார். எனக்கு மிஸ்யே ஓர்டினாதேர் என்று பட்டம், அதாவது கம்ப்யூட்டர் துரை. காலையில் வந்ததும், "என்ன மிஸ்யே ஓர்டினாதேர், தோ மஷின் இன் மான்ஸே?" என்று மெஷின் சாப்பிட்டாச்சா என விசாரிப்பார். பெண்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். "அக்கா, இனிமேல் நீங்கள் போனில் கேட்கவே வேண்டாம். சீட்டு வந்தால் வெட்டலாம். மெஷின் மறக்காது" என்றேன். கோயில் வகுப்புத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்: "மெஷின் மறக்காது, தம்பி. சரி. மே... ஆனால், லைன் மறக்கும்."

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாவது நாள் மழை. பிரின்டர் ஒரு சீட்டை அடித்தது. அறுநூறு சட்டை, நீலக் கோடு போட்ட துணி. ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு சீட்டு. அதே மாடல், அதே துணி, அதே அறுநூறு. அக்கா இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மெம் ஸாஃபேர், உபியேன் நுவோ?"

அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு சீட்டையும் வாங்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எண் வேறு வேறாக இருந்தது. "நுவோ" என்றேன். எனக்குத் தெரிந்த நாலு கிரியோல் சொல்லில் ஒன்றைச் சரியான இடத்தில் போட்ட பெருமை கூட இருந்தது. அக்கா இரண்டு சீட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பிப் போய்த் துணியை விரிக்கச் சொன்னார். அடுக்கடுக்காக விரித்து, மேலே வெட்டுக் கோடுகள் வரைந்த மார்க்கர் தாளைப் பரப்பி, கத்தி மெஷினை அவரே ஓட்டினார்.

இரண்டாவது அறுநூறுக்கு ஆர்டரே இல்லை. அந்தத் துணி வேறு வாடிக்கையாளருடையது, வேறு அளவுக்காக வந்தது. மாற்றுத் துணி வருவதற்குள் கப்பல் போய்விட்டது, வாடிக்கையாளரும் போய்விட்டார். டைரக்டர் விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தலைமை அலுவலக மெஷினில் ஒரே ஆர்டர்தான் பதிவாகியிருந்தது, வெற்றி என்ற குறிப்போடு. அக்கா சொன்னார்: "நான் கேட்டேன். இவர் நுவோ என்றார்." எண் வேறாக இருந்ததால் அப்படிச் சொன்னேன் என்றேன் நான். மெஷின் தானாக ஒரு ஆர்டரை இரண்டு தரம் அடிக்குமா என்று டைரக்டர் கேட்டார். "அடிக்காது, சார்" என்றேன். அப்படியென்றால் யாரோ அந்தக் கீபோர்டில் அடித்திருக்க வேண்டும் என்றார். மெஷினைக் கேலி செய்துகொண்டிருந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷம் அறையை நடத்தியவரை, தைத்த சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற மேசையில், புதிதாகச் சேர்ந்த பெண்களோடு உட்காரவைத்தார்கள். மூன்று வாரம் கத்தரித்தார். பிறகு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கையேட்டின் பின்பக்கங்களைப் படித்தேன். உலகத்தில் எல்லோரும் முன்பக்கத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான், ஆனால் எல்லோரும் ஓர் அறைக்கு எஜமானனாகப் போவதில்லை. பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. போன மூட்டை தொலைந்திருக்கலாம். அல்லது மூட்டை போய், வேலை நடந்து, திரும்பி வந்த பதில் தொலைந்திருக்கலாம். காத்திருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்ட் லூயி மெஷின் ஒரு சோதனை ஆர்டரைத் தானாக அனுப்பும்படி நேரம் வைத்துவிட்டு ஆலைக்குப் போய், ஒரு சீட்டு அடித்த கணத்தில் கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி செருகினேன். இரண்டாவது சீட்டு வந்தது, புத்தம் புது எண்ணோடு. அதை அக்காவின் மேசைமேல், முதல் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சரி செய்வது சுலபமாக இருந்தது. எண்ணைக் கூப்பிடுகிற பக்கமே போட்டு அனுப்ப வேண்டும். வாங்குகிற பக்கம் அந்த எண்ணைப் பார்த்து, முன்பே வந்ததா என்று தேட வேண்டும். வந்திருந்தால் புதிதாக அடிக்காமல் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும். பதினோரு வரி. அவர் பென்சிலால் செய்ததை நான் பதினோரு வரியில் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் தாள் டைரக்டர் மேசையில் இருந்தது. அதுதான் காரணம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கம்ப்யூட்டர் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறு ஞாயிறு பஸ் பிடித்து ட்ரியோலே போய், விசாரித்து விசாரித்து அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலையில் சேர்ந்திருந்தார். வனிலா மணக்கும் டீ கொடுத்தார். நான் மூட்டை, பியூன், கேபிள் எல்லாவற்றையும் சொன்னேன். குற்றம் என்னுடையது என்றேன். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, கிரியோலில்தான் பேசினார். இன்றைக்கும் எனக்கு அது ஒரு சொல் விடாமல் புரிகிறது.

"டைரக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லை அக்கா."

"அப்போ எங்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் செய்யலைன்னு எனக்குத் தெரியாதா? தெரியாத ஆள் போர்ட் லூயில, உன் பக்கத்து ரூம்ல உட்கார்ந்திருக்கார். அங்க நடந்து போகாம பஸ் ஏறி இங்க வந்திருக்கே."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

"டீ ஆறுது. குடி."

திங்கட்கிழமை டைரக்டர் அறை வாசல்வரை போனேன். நிமிர்ந்து, என்ன என்றார். லைன் இப்போது நன்றாக வேலை செய்கிறது என்றேன். நல்லது என்றார். அனுமதி இன்னும் இரண்டு வருஷத்துக்கு வந்தது.

பிறகு ஆலை மூடி, மெஷின்களெல்லாம் மடகாஸ்கருக்குக் கப்பலேறின. டைரக்டர் இறந்த செய்தி எனக்குக் கோயம்புத்தூரில் வந்தது. இன்றைக்கு ஒழுங்காக எழுதிய எந்தப் புரோகிராமும் ஒரு வேலையை இரண்டு தரம் செய்யும்முன் அதேதானா புதுசா என்று பார்த்துக்கொள்கிறது. என் அண்ணன் மகன் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்லி எனக்கே விளக்குகிறான், நானும் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டுகிறேன். அக்கா இருக்கிறாரா என்று தெரியாது. ஒரு வழியாக எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். ஆனால் இதைப் படிக்கிற உங்களில் யாரும், அவர் துணியைத் தப்பாக வெட்டினார் என்று ஒரு நாளும் நினைத்தவர் இல்லை. இந்தத் தடவையும் பஸ் ஏறி, சொல்லவேண்டாத வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன்.