ஏற்றமில்லாத வழி

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா பாதை போடத் தொடங்கினாள். எழுபதுகளின் ஏதோ ஓர் ஆடி. நான் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போய்க்கொண்டிருந்தேன். மழை, மழை. அதுகூட என்மேல் படவில்லை. யாராவது தோளைத் தொட்டால் வேறு யாரையோ தொடுவது போலிருந்தது.

அக்காவைப் பூப்பாறைக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்கு நிறைமாதக்காரியை அனுப்பமாட்டோம் என்று அவள் மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா முகத்தைப் பார்க்கவே அவளை விடவில்லை. அவளுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவிடம் மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான். மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. நடைதான். எட்டு வயதுத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ராத்திரி எங்காவது தங்கித் தங்கி.

வழி தெரிந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. வந்து உட்கார்ந்தார், கட்டன் சாயா குடித்தார், வழியைத் தவிர எல்லாம் பேசினார். கடைசியில்தான் அதற்கு வாய் திறந்தது.

"மதினி, துட்டி வீட்டுக்காரங்க வருசம் திரும்புற வரைக்கும் மலை ஏறப்பிடாதுல்லா."

அம்மா அவரையே பார்த்தாள். "நாம இப்ப எங்க இருக்கோம் கொழுந்தனாரே?"

"மலையிலதான்."

"தெனமும் எதுல ஏறிக் கொழுந்து கிள்ளுதேன்?"

"அது வேல மதினி. வேலைக்கு ஏறுனா தோசம் இல்ல. பயணத்துக்கு ஏறுனாத்தான்."

தங்கச்சி சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. வரவில்லை.

சித்தப்பா கெட்ட மனுஷர் இல்லை. அண்ணன் போன பயம் அவருக்கு. போகப்போவது பிள்ளை பிறக்கும் வீடு என்ற பயம் அதற்கு மேல். அம்மா வாதாடவில்லை. நனைந்த கம்பளியைச் சிமெண்டுத் தரையில் விரித்து, இரண்டு கையாலும் மலைகள் மாதிரி மடிப்பு மடிப்பாகக் கூட்டினாள்.

"இது நம்ம லயம். இந்தா, இது பூப்பாறை. ஏத்தமே இல்லாம ஒரு வழி சொல்லுங்க."

சித்தப்பாவின் விரல் நடந்தது. பள்ளத்தைச் சுற்றி, ஓடையோரமாக, தேயிலைக்குள் புகுந்து. முதல் ராத்திரிக்கு அவரோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த வேதக்காரர் வீடு.

"சோறு போடுவாரு. ஆனா நீட்டி ஜெபம் பண்ணுவாரு. சின்னவ தூங்கிருவா. ஏளா, நீ முழிச்சிருந்து ஆமென் சொல்லிரு."

அடுத்த ராத்திரிக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். அடுப்புச் சூட்டில் படுத்தால் உடுத்திய துணியும் காய்ந்துவிடும். அவல், கருப்பட்டி, அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். வேறொரு குடும்பத்தின் பயணம் போல அது என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு மடிப்பு மிச்சம் நின்றது. விரல் அதன் அடியில் வந்து நின்றுவிட்டது.

"இந்த மேட்டச் சுத்த வழியில்ல மதினி."

அம்மா உள்ளங்கையால் அதை அமுக்கினாள். ஈரக் கம்பளி மெல்ல எழுந்தது. மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் எழுந்தது.

"சரி. அந்த எடத்த மட்டும் திரும்பிக்கிட்டு நடக்கேன். மூஞ்சி கீழ பாத்திருந்தா எறக்கந்தான?"

சித்தப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவர் நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன்.

"அப்பிடின்னா தோசம் இல்ல," என்றார். "ஆனா விழுந்துருவீக. நானும் வாரேன்."

போனோம். ஆமென் சொன்னேன். மறுநாள் காலை அந்த மேட்டடிக்கு வந்தபோது மஞ்சில் உச்சிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா திரும்பிக்கொண்டு நடக்கவில்லை. கூடையோடு ஏறுகிற அதே நடையில் நேராக ஏறினாள். மறந்துவிட்டாளா, வேண்டுமென்றேவா, இன்றுவரை நான் கேட்டதில்லை. சித்தப்பா குனிந்து தன் காலில் அட்டை தேடினார். அம்மா உச்சிக்குப் போகும்வரை தேடிக்கொண்டே இருந்தார்.

"அவ வீடு எந்தப் பக்கம்?" நாங்களும் உச்சிக்குப் போனதும் அம்மா கேட்டாள்.

சித்தப்பா மஞ்சின் வெள்ளைக்குள் கையை நீட்டினார். அம்மா அந்தத் திசையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"சரி, தெரியுது," என்றாள்.

எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கினோம். ஸ்டோரில் படுத்து எழுந்து மேலும் இறங்கினோம்.

போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு இன்னும் வலி எடுத்திருக்கவில்லை. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வயிறு எங்கள் இருவருக்கும் நடுவில் இடித்தது. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, என் காலில் அட்டை கடித்த இடம் எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. உள்ளே அம்மா, யாரையும் கேட்காமல், அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.