விமானத்தில் மூன்றாவது குரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாயை அடைத்து அனுப்புகிற ஆள் நான். தேவிகாபுரம் பஸ்ஸில் ஒருவர் மோகினி கதை சொன்னதற்கு, இறங்கும்வரை அவரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தவன். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஆரணியில் எனக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில். மொட்டை மாடியில்தான் நூலைக் காயப்போடுவோம். சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி மேகம் பார்ப்பது என் தம்பியின் வேலை. கறுப்பாகக் கொஞ்சம் தெரிந்தால் போதும், தெருவுக்கே கேட்கக் கத்துவான். ஏறத் தெரியுமே தவிர, நான் கை கொடுத்தால்தான் இறங்குவான். வானத்தைப் பார்த்துப் பார்த்தே சரக்கு விமானத்தில் பைலட் ஆகிவிட்டான் என்று வீட்டில் கேலி செய்வோம்.

அன்று நல்ல உச்சி வெயில். கல்யாண ஆர்டருக்கான அரக்கு நூலை மாடியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னாலேயே, "அண்ணா, மழை வருது, ஜல்தியா நூல எடு" என்று தம்பியின் குரல். சத்தியமாக அவன் குரல்தான். பழக்க தோஷத்தில் நானும், "தோ எடுக்கறேன்டா" என்று சொல்லிவிட்டு அள்ள ஆரம்பித்தேன், அப்புறம்தான் அவன் வெளிநாட்டில் இருப்பது உறைத்தது, திரும்பினால் யாருமில்லை. கீழே இறங்கினால் என் மனைவி, "இன்னாங்க, இந்த வெயில்ல ஏன் நூல அள்ளிகினு வர்றீங்க?" என்றாள். அவள் கேட்டு முடிக்கவில்லை, கொட்டியது பாருங்கள் மழை.

சாயங்காலம் போன் வந்தது. நான் மாடியில் நின்ற அதே நேரத்தில் தம்பி ஓட்டிய விமானம் ஏதோ ஒரு மலையில் விழுந்துவிட்டது, அதில் இருந்த கேப்டன், தம்பி இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

சில மாதம் கழித்து விசாரணை அதிகாரி என்னைச் சென்னைக்கு அழைத்தார். சரக்கில் தீப்பிடித்தது வரை தெரிந்துவிட்டதாம். ஆனால் விமானி அறை ஒலிப்பதிவில் மூன்றாவதாக ஓர் ஆள் தமிழில் பேசுகிறாராம், கேப்டனுக்கோ தமிழே தெரியாது.

"உங்க தம்பி யாரையாவது திருட்டுத்தனமா ஏத்தியிருந்தா பழி அவர் மேலதான் வரும். யார் குரல்னு கேட்டுச் சொல்லுங்க," என்றார்.

செத்தவன் தலையில் பழியா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. சண்டை போடுகிற வேகத்தில்தான் ஹெட்போனை மாட்டினேன்.

எச்சரிக்கை மணி அலறுகிறது, இருமுகிறார்கள், அதற்கு நடுவே தம்பி நிதானமாக, "அண்ணா, மழை வருது, ஜல்தியா நூல எடு" என்கிறான். அடுத்து அந்த மூன்றாவது குரல், "தோ எடுக்கறேன்டா."

"சார், இது என் குரல். ஆரணியில எங்க மாடியில நின்னுகினு நான் பேசினது," என்றேன்.

போனில் பேசினீர்களா என்று கேட்டார். போன் அப்போது கீழே சார்ஜில் கிடந்தது, அழைப்பு எதுவும் போகவில்லை, வரவுமில்லை என்பதை அவர்களே விசாரித்துக்கொண்டார்கள். என்னைப் பேச வைத்து ஒப்பிட்டும் பார்த்தார்கள், ஒரே குரல். கடைசி அறிக்கையில் காரணம் தீ என்று மட்டும்தான் எழுதினார்கள், தம்பி பெயருக்கு ஒரு களங்கமும் இல்லை. எனக்கு அது போதும், ஆனால் பதிவு அதோடு முடியவில்லையே.

சத்தம் அறுந்துபோவதற்கு முன்னால் அவன் இன்னொன்றும் சொல்கிறான். "சரிண்ணா, கை குடு, எறங்கறேன்."

மாடியில் அது எனக்குக் கேட்கவே இல்லை. அப்போது என் இரண்டு கையிலும் நூல் இருந்தது.