காட்டெருமை வராத சரிவு

ஆராய்ச்சி மாணவரின் முழுநேர வேலை பக்கத்து மேஜையைப் பார்ப்பது. மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு வருஷங்களை எண்ணிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட்டை ஒட்டிய சோலைக்காட்டில் ஒரு வருஷத்தில் எவ்வளவு இலை உதிர்கிறது என்று அளப்பது என் தலைப்பு. மரங்களுக்கு அடியில் வலை கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சருகை அள்ளி, காயவைத்து எடை போட வேண்டும். ஒரு தடவை விட்டுப்போனாலும் வருஷக் கணக்கு கெட்டுவிடும். பக்கத்து மேஜை கீர்த்தனா எனக்கு இரண்டு வருஷம் கழித்துச் சேர்ந்தவள். தேயிலைக்குள் வரும் காட்டெருமைகள் அவள் தலைப்பு. மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு வந்தால் போதும், காட்டெருமை தானே வந்து நின்று போஸ் கொடுக்கும்.

ஒரே படிப்பு

வலை கட்ட உதவுபவர் பாக்கியம் அக்கா. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா கேமராவிலிருந்து படங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பத்துப் பேர் வந்து லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். கன்றுக்குட்டி ஒன்று கேமராவை நக்க வந்த படத்துக்கு ஒரே சிரிப்பு. நானும் ஒரு சாக்கு சருகோடு பக்கத்தில்தான் நின்றேன். யாரும் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. திரும்பும் வழியில் பாக்கியம் அக்கா கேட்டார்: "அந்தப் புள்ள படிக்கிறதும் டாக்டர் படிப்பு, நீ கூட்டிப் பெருக்குறதும் அதே டாக்டர் படிப்பா?"

டிரையர்

மழைக்காலத்தில் குன்னூரில் துணியே காயாது, சருகு எங்கே காயும்? ஆய்வகத்து அடுப்பு வேறு ரிப்பேர். எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை காயும் டிரையரில் கொஞ்சம் இடம் கேட்கலாம் என்று சாக்கோடு போனேன். அங்கே தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் கோயமுத்தூர்க்காரர். கீர்த்தனா போனால் நாற்காலி போட்டு, முதல் தரத் தூளில் டீ கொடுத்து, காட்டெருமைகளின் நலம் விசாரிப்பார். என்னை வாசலிலேயே நிறுத்தினார். சாக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏனுங்க, இதுல ஒரு எலை உள்ள ஒட்டிக்கிச்சுன்னா, ஏலத்துல எங்க தூளுக்கு என்ன பேருங்க வெக்கறது?"

கதவு

கீர்த்தனாவின் காட்டெருமைப் படம் பேப்பரில் வந்தது. எங்கள் கைடு அதை வெட்டித் தன் அறைக் கதவில் ஒட்டினார். எந்தக் கையெழுத்துக்கும் நான் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஒரு நாள் அதையே முறைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்: "உன் சருகையும் நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்துப் பாரும்மா."

ஒரு சின்னப் பொய்

சருகு அளக்கத் தொடங்கிப் பதினோராவது மாதம். என் வலைகள் இருக்கும் சரிவில் காட்டெருமை வருமா, அங்கே ஒரு கேமரா கட்டலாமா என்று கீர்த்தனா வந்து கேட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அங்கே ஈரம் காயாத காட்டெருமைச் சாணியை மிதித்திருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் என் சரிவிலிருந்தும் ஒரு படம் போய்க் கதவில் ஏறுவதா என்று மனம் கேட்கவில்லை. வருவதெல்லாம் லைன் வீட்டு மாடுகள், காட்டெருமை அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது என்றேன். அவள் துளியும் சந்தேகப்படவில்லை. "சரிங்கக்கா, உங்களவிட அந்தக் காடு வேற யாருக்குத் தெரியும்?"

ஆதாரம்

அடுத்த தடவை போனபோது பதினெட்டு வலைகளில் பதினாறு தரையோடு தரையாகக் கிடந்தன. கம்புகள் முறிந்து, சருகு முழுக்கச் சேறு. பெய்த மழையில் குளம்புத் தடங்களும் கரைந்துவிட்டன. என் ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டியில் வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், காட்டெருமை மிதித்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பவில்லை. காட்டுக்கே போகாமல் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார். விலங்கு மிதித்ததற்கு ஒரு படம் இருந்தால் அந்தத் தடவையை விட்டுவிடலாம், இல்லையென்றால் மறுபடி முழு வருஷமும் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வெட்கத்தை விட்டுக் கீர்த்தனாவிடம் ஓடினேன். அக்கம்பக்கத்துக் கேமராவிலாவது அந்தக் கூட்டம் சிக்கியிருக்குமா என்று கேட்டேன். அவள் எனக்காக உண்மையாகவே பதறினாள். சாப்பிடக்கூடப் போகாமல் எல்லா மெமரி கார்டையும் ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் தலை நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுகூட இல்லீங்கக்கா. உங்க சரிவுக்குன்னு எடுத்து வெச்ச கேமராவ, நீங்க வராதுன்னு சொன்னதும் குந்தா பக்கம் கொண்டுபோயிக் கட்டிட்டனுங்க."

இது எனக்கு ஏழாவது வருஷம். போன மாதம் கீர்த்தனாவின் முனைவர் பட்ட வைவாவுக்கு டீயும் வர்க்கியும் வாங்கி வைத்தது நான்தான், பொறாமையில் ஒரு பட்டம் இருந்திருந்தால் அதையாவது அவளுக்கு முன்னால் வாங்கியிருப்பேன்.