சித்தியின் மயில்கொன்றை

பிரசவத்துக்காகச் சித்தி மாத்தளைக்குப் பக்கத்தில் நாலந்தாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பிறந்த ஆண்பிள்ளை பத்தொன்பது நாள்தான் இருந்தான். ஊருக்கு மேலே, மேட்டிலிருந்த சேமக்காலையில் அவனை அடக்கம் செய்தார்கள். அம்மா குழியருகே வைத்த ரோஜாக்கன்று ஒரே வாரத்தில் கருகியது. கிணற்றில் குடிக்கவே தண்ணீர் போதாதபோது அவ்வளவு உயரத்துக்கு யார் சுமந்துபோய் ஊற்றுவது?

சித்தி அநுராதபுரத்திலிருந்த சித்தப்பாவுக்கு எழுதினாள். அவர்கள் குவாட்டர்ஸ் வாசலில் நின்ற மயில்கொன்றையின் விதைகள் ஏழு, கடித உறைக்குள் வந்து சேர்ந்தன.

"வேர் புடிச்சிட்டா போதும். அப்புறம் நான் இல்லாட்டியும் அது பாட்டுக்குப் பூக்கும்" என்றாள். சீக்கிரமே அவள் அநுராதபுரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

விதைத்தோல் கல் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்தையும் அம்மியில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டு, அடியில் ஓட்டை போட்ட பால் டின்னில் ஊன்றினாள். மூன்று முளைத்தன. காலையில் முகம்கூடக் கழுவாமல் அவற்றைத்தான் பார்க்கப் போவாள்.

அந்த நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளைக்கு ஒருக்கா கொஞ்சமா தெளிச்சா போதும். நெறய ஊத்திறாத, அழுகிரும்."

எனக்கு எட்டு வயது. தம்பியின் செடி தாகத்தில் வாடக் கூடாதென்று, எனக்குக் குடிக்கத் தந்த தண்ணீரில் மிச்சம் பிடித்துத் தினமும் இருவேளை ஊற்றினேன். ஐந்தாம் நாள் மூன்றும் தண்டு கறுத்துச் சாய்ந்து கிடந்தன. யாரிடமும் சொல்லப் பயம். கிணற்றடியில் அதே போன்ற பொடி இலைகளோடு நின்ற ஒரு கன்றைப் பிடுங்கி டின்னில் நட்டேன். அது தொட்டாச்சிணுங்கி என்று எனக்குத் தெரியும். யாரும் தொடாதவரை தெரியவராது என்று நம்பினேன்.

பத்து நாள் கழித்துச் சித்தி முகம் வற்றி வந்தாள். நேரே டின்னிடம் போய்க் குனிந்து, ஒற்றை விரலால் இலையைத் தடவினாள். இலைகள் ஒவ்வொன்றாகக் கூம்பின. அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி நெறய ஊத்தினியா?"

"இல்ல சித்தி."

சித்தி டின்னை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு, "ஆளப் பாத்து வெக்கப்படுது போல" என்றாள்.

மறுநாள் அதையே கொண்டுபோய்ப் பிள்ளையின் தலைமாட்டில் நட்டாள். அந்த வாரமே அநுராதபுரம் போய்விட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு அவள் வந்தபோது மழை தொடங்கியிருந்தது. அந்தச் சின்னக் குழிமேடு முழுக்க முள்ளும் கொடியுமாகப் படர்ந்து, இளஞ்சிவப்பில் உருண்டை உருண்டையாகப் பூத்துக் கிடந்தது.

"என்னடி இது, பச்சப் புள்ள மேல முள்ளு!" என்று அம்மா பிடுங்கப் போனாள்.

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் அக்கா. நம்ம புள்ள வளத்தது."

சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி முள்ளுக்குள் கையை விட்டு, கொடியை விலக்கி மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது எனக்கு உறைக்க வருஷங்கள் ஆயின. அதற்குள் சித்தி போய்ச் சேர்ந்துவிட்டாள்.