காகிதத் தட்டு ஸ்டீயரிங்

வெர்லீனிடம் வாலாட்டத் துணிந்தவர்கள் எங்கள் ஊர் பைன் ஃபோர்க்கில் குறைவு. முப்பது வருஷம் பெண்கள் சிறையில் காவலராக இருந்தவள். குரலை உயர்த்தாமலேயே ஒரு கூடம் முழுவதையும் அடக்கி உட்காரவைத்துவிடுவாள். புருஷன் சீக்கிரமே போய்ச்சேர்ந்தான், பிள்ளை இல்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் தம்பி லெமுவெலும் அவன் மனைவி கோராவும்தான். ஓய்வு பெற்ற கையோடு, வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி, தேவாலயத்தின் பின்கூடத்தில் சனிக்கிழமைதோறும் துப்பாக்கி வகுப்பு நடத்த ஆரம்பித்தாள்.

அப்போதெல்லாம் எங்கள் தென் கரோலினாவில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே போக அனுமதி அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து தேறியாக வேண்டும். மற்ற ஊர்களில் நடந்த வகுப்புகளுக்குப் போன நம் கருப்பினப் பெண்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். வெர்லீனிடம் அந்தத் தொல்லை இல்லை. நர்ஸுகள், முடி அலங்காரம் செய்கிறவர்கள், தனியாக இருக்கும் விதவைகள் என்று கூடம் நிறையும். சிடுமூஞ்சிகளுக்கும் சண்டைக்காரர்களுக்கும் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். குறி தவறாமல் சுட்டாலும் சரி, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவாள்.

வகுப்பில் எல்லோரும் காத்திருப்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் நாடகத்துக்கு. வெர்லீன் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவாள். அதுதான் கார். மீன் விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டு ஒன்றைக் கையில் கொடுப்பாள். அதுதான் ஸ்டீயரிங். முன்னால் ஒரு ஸ்டூல் மேல் செருப்புப் பெட்டி இருக்கும், அது காரில் காகிதங்கள் போட்டு வைக்கும் முன்பெட்டி. உள்ளே வண்டிக் காகிதங்களும், அவற்றின் அடியில் ஒரு பொம்மைத் துப்பாக்கியும் கிடக்கும். வெர்லீன் போலீஸ்காரராகி, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு வந்து இல்லாத ஜன்னலைத் தட்டுவாள். காகிதத்தை எடு என்பாள். உட்கார்ந்திருப்பவள் கை நேராகச் செருப்புப் பெட்டிக்குப் போகும். போகாத கையே கிடையாது. உடனே அந்தக் கையில் விசிறியால் ஒரு போடு போடுவாள். ஆராதனையில் விசிறிக்கொள்ள நாம் எல்லோரும் வைத்திருப்போமே, ஒரு பக்கம் இயேசுவும் மறுபக்கம் சவ அடக்கக் கடையின் விளம்பரமும் போட்ட அட்டை விசிறி, அதேதான். விளம்பரப் பக்கத்தைத் திருப்பி, உன்னை அங்கே கொண்டுபோயாகிவிட்டது, இறங்கு என்பாள். கூடமே குலுங்கிச் சிரிக்கும்.

சிரிப்பு அடங்கியதும் பாடம் வரும். முதலில் துப்பாக்கி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது இரண்டு கையும் தட்டின்மேல் இருக்க வேண்டும். அவர் 'சரி, எடு' என்று சொல்லும்வரை விரல்கூட நகரக் கூடாது. வண்டிக் காகிதத்தைத் துப்பாக்கி இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. ஒவ்வொருத்தியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்கிற அளவுக்குத் திரும்பத் திரும்ப உட்காரவைப்பாள்.

அட்டையே வேண்டாம் என்று சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் சபையின் டீக்கன் பர்னெல் சட்டத்தின் பக்கம். அவர் கடையில் இரண்டு முறை கொள்ளை போயிருந்தது. திருடன் எவனும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருவதில்லை, இரண்டு வேலை பார்க்கிற ஏழைதான் சனிக்கிழமை லீவு கிடைக்காமல் வெறுங்கையோடு அலைகிறான் என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கத்தார், காருக்குக் கார் துப்பாக்கி கிடந்தால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம், வாய்ச்சண்டையெல்லாம் கொலையில் முடியும் என்றார்கள். டிவியில் ஒருவர் குற்றம் ஏறும் என்று கணக்குக் காட்டினால், அடுத்தவர் அதே கணக்கைத் திருப்பிப் பிடித்து இறங்கும் என்பார். வெர்லீன் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரவில்லை. துப்பாக்கி வேண்டும், அது அவள் கட்சி. ஆனால் அந்த இரண்டு நாற்காலியில் உட்காராமல் ஒருவன் வண்டி எடுக்கக் கூடாது, அதுவும் அவள் கட்சிதான்.

தேவாலய வேனில் தன் மாணவிகளை ஏற்றிக்கொண்டு தலைநகரில் சட்டசபைக் குழு நடத்திய விசாரணைக்கே போனாள். இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். காகிதத் தட்டைத் தூக்கிக் காட்டி அவள் பேச ஆரம்பித்ததும், குழுவில் இருந்த ஒருவர் இடைமறித்து, இந்த வகுப்புக்கு நீங்கள் கட்டணம் வாங்குகிறீர்கள் அல்லவா, அம்மா, என்று மரியாதையாகக் கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. முப்பது வருஷம் சிறையில் எவளிடமும் தோற்காதவள் அன்றைக்கு வாயடைத்துப்போய்த் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

சட்டம் வந்தது. கவர்னர் கையெழுத்துப் போட்ட அன்றே நடைமுறைக்கும் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள் வரிசையாகப் போன் செய்து வரவில்லை என்றார்கள். அவர்களில் ஒருவன் அவள் தம்பி லெமுவெல்.

லெமுவெல் கோழி அறுக்கும் ஆலையில் இரவு வேலை பார்ப்பவன். ஆலை வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் அவனோடு வேலை செய்யும் இரண்டு பேரை மடக்கி அடித்துப் பணத்தைப் பிடுங்கியிருந்தார்கள். அதனால்தான் துப்பாக்கி வாங்கினான். ஊருக்கெல்லாம் நல்லவன், யாரைப் பார்த்தாலும் தொப்பியைக் கழற்றுவான். அவன் போனில் பேசியது வெர்லீனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

"அக்கா, இனிமே உன் கையெழுத்தே வேணாமாமே. சனிக்கிழமை ஓவர்டைம் கூப்பிடறாங்க. நான் அங்க போகட்டுமா?"

"போயேன். உன் கையைப் பிடிச்சு இழுத்தாங்களா இங்க?"

"கோச்சுக்காத. இன்னொரு நாள் வரேன்."

"நீ வந்தா என்ன, வராட்டி என்ன. கடையைச் சாத்தியாச்சு."

சாத்தவில்லை. அந்தச் சனிக்கிழமையும் மூன்று பெண்களுக்கு வகுப்பு நடத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். தலைநகரில் மூக்கறுபட்ட கோபம் யார்மேல் திரும்புவது என்று தெரியாமல் தம்பிமேல் திரும்பியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோரா வீட்டில்தான் சாப்பாடு. கோழிச்சோறு, பன்றிக்கறி போட்டு வேகவைத்த கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துச் சுட்ட பணியம். அந்த மேசையில் துப்பாக்கிப் பேச்சு எழுந்தால் வெர்லீன் பெருமையாக ஒன்று சொல்வாள். போலீஸ் நிறுத்தினால் மறைக்காதே, முதல் வார்த்தையே அதுதான், 'ஆபீசர், என்கிட்ட துப்பாக்கி இருக்கு, உங்ககிட்ட சொல்லிடறேன்'. சிறையில் எத்தனையோ பார்த்தவள் என்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் என்ன செய்யணும் அக்கா என்று லெமுவெல் ஒருமுறை கேட்டான். அதைத் தெரிஞ்சுக்கணும்னா சனிக்கிழமை வா என்றாள். அவன் சிரித்தான். கோரா பணியத்தை நறுக்கி வைத்தாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

அவன் வரவேயில்லை. ஓவர்டைம் நிற்கவில்லை, அவளும் இன்னொரு முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மதிப்பு குறைந்துபோய்விடும் என்று ஒரு வீம்பு.

பருத்தி எடுக்கும் காலத்தில் ஒரு விடிகாலை, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த லெமுவெலின் வண்டியைப் பின்விளக்கு எரியவில்லை என்று ஷெரீஃபின் கீழ் இருந்த போலீஸ்காரன் ஒருவன் நிறுத்தினான். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பையன். அவன் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அடக்கத்துக்கு முன்பே வெர்லீனையும் கோராவையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காட்டினார்கள்.

லெமுவெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறான். குட் மார்னிங் சொல்கிறான். லைசென்ஸும் வண்டிக் காகிதமும் கேட்கிறான் அந்தப் பையன். லெமுவெலின் வலது கை முன்பெட்டிக்குப் போகிறது. கை போய்க்கொண்டிருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமை மேசையில் கேட்ட வார்த்தைகளை ஒன்றுவிடாமல், அவசரமில்லாமல், மரியாதையாகச் சொல்கிறான். "ஆபீசர், என்கிட்ட துப்பாக்கி இருக்கு, உங்ககிட்ட சொல்லிடறேன்." பெட்டி திறக்கிறது. காகிதங்களின் அடியில் அது தெரிகிறது. அதற்குப் பிறகு சத்தம்தான்.

கோரா அழவில்லை. திரும்பி வெர்லீனின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெர்லீன் தரையைப் பார்த்தாள்.

ஊர் மறுபடியும் இரண்டாயிற்று. சட்டம்தான் கொன்றது என்றது ஒரு பக்கம். சட்டம் என்ன செய்யும், அந்தப் பையனின் பயம்தான் கொன்றது, லெமுவெல் கையை அசைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றது இன்னொரு பக்கம். பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுத்து வைத்திருக்கிறவன் பயப்படலாமாம், ராத்திரி முழுக்கக் கோழி அறுத்துவிட்டு வருகிறவன் மட்டும் பதறாமல் யோசித்துக் கையை வைக்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் கோரா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் உப்பிட்ட பன்றிக்கறி கொண்டுவந்தார், ஒருவர் போட்டோ எடுப்பவரைக் கூட்டிவந்தார். சட்டசபை விசாரணையில் வந்து பேசுங்கள் என்று கேட்டார்கள். எத்தனை நிமிஷம் கொடுப்பீர்கள் என்று கோரா கேட்டாள். அவர்கள் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

அடக்கம் நடந்த அன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. ஆலையிலிருந்து இரவு வேலைக்காரர்கள் தூங்காமல் அப்படியே வந்திருந்தார்கள். வரிசைக்கு வரிசை அட்டை விசிறிகள் அசைந்தன. வெர்லீன் மடியில் யாரோ ஒன்றை வைத்தார்கள். அவள் அதைத் திருப்பிப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டாள். வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, தன்மேல் இருந்த ஆத்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. டீக்கன் பர்னெல் வந்து அவள் தோளைத் தொட்டு, நான் கேட்டது இதுக்காக இல்லம்மா என்றார். தெரியும் என்றாள் வெர்லீன். அவரை வெறுத்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அதுவும் முடியவில்லை.

பின்கூடத்தில் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. பெண்கள் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்லீன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். கோரா கருப்பு உடையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அறையில் அந்தக் கேமராப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

"அண்ணி, அந்த ரெண்டு நாற்காலியைப் போடுங்க."

"கோரா, இன்னிக்கு வேணாம்மா."

"போடுங்க. அவருக்குச் சொல்லித் தராத பாதியை எனக்குக் காட்டுங்க."

வெர்லீன் போட்டாள். மேசையில் மிஞ்சியிருந்த காகிதத் தட்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அலமாரியில் இருந்த செருப்புப் பெட்டியை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தாள். கோரா ஓட்டுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெர்லீன் தொப்பையைத் தள்ளவில்லை, மீசையைத் தடவவில்லை. பக்கத்தில் வந்து நின்று, காகிதத்தை எடு என்று மெதுவாகச் சொன்னாள்.

கோராவின் வலது கை நேராகப் பெட்டிக்குப் போனது.

வெர்லீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே கொண்டுவந்து தட்டின் விளிம்பில் வைத்தாள். மற்ற கையையும் எடுத்து வைத்தாள்.

"கை இங்கதான் இருக்கணும். அவங்க எடுன்னு சொல்ற வரைக்கும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" கோரா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதை என் வீட்டு மேசையிலேயே காட்டியிருக்கலாமே அண்ணி. பணியம் ஆறுற நேரம்கூட ஆயிருக்காது. அவரு கேட்டாரே."

"கேட்டான்."

"வாயைத் திறந்து கேட்டாரே."

வெர்லீன் சட்டத்தைச் சொல்லலாம், அந்தப் பையனைச் சொல்லலாம், தலைநகரில் சிரித்தவர்களைச் சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கோரா கேட்டது அதை இல்லை. நான்தான் வீம்புல இருந்துட்டேன் என்றாள். சிறையில் குரலை உயர்த்தாமலே எல்லோரையும் அடக்கியவள், அந்தக் கூடத்தில் நின்று வாய்விட்டு அழுதாள்.

கோரா அவளைத் தேற்றவில்லை, எழுந்து போகவுமில்லை. இரண்டு கையையும் தட்டின்மேல் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெர்லீன் சுற்றி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.