பேசாத வீடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்பார்கள். காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை பிடித்து மடிப்பதுதான் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவளுக்கு வாய் ஓயாது. அந்தத் தொணதொணப்பு மட்டும் இல்லாவிட்டால் அக்கா நின்றபடியே தூங்கிவிடுவாள்.

வீட்டில் பேச ஆளில்லை. புருஷன் இருக்கிறார், ஆனால் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. சந்தையில் ஏலம் கூவிய மனிதர் அவர். தொண்டையைச் செருமினாலே கடைசிக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான். பறிக்கக் கடவுளுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா? பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

'நடக்கக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை பேசினால் போதும்' என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், "இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்கம்மா" என்று சொன்ன பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

"சாமிகிட்ட கேக்கறியாக்கா?" என்றாள் எதிர்முனைக்காரி, ஒரு நாள்.

"அவரும் பேசறதில்ல, சாமியும் பேசறதில்ல. நடுவுல நான் ஏன் தொண்டத்தண்ணிய வத்தவைக்கணும்?"

அன்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. அவர்கள் பங்கும் இவள் தலையில்தான் விழுந்தது. வீடு திரும்பியபோது தோளிலிருந்து கை கழன்றுவிடும் போலிருந்தது. கஞ்சி காய்ச்சினாள், என்ன போட்டாள், எதை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. தலையணையை முட்டுக்கொடுத்து, அவரைச் சாய்த்து உட்காரவைத்து ஊட்டினாள். முதல் கரண்டியை விழுங்கினார். அடுத்ததற்கு வாயைத் திறக்கவில்லை.

"திறங்க. எனக்கு நிக்கத் தெம்பில்ல."

அவர் முகம் கோணியது. மறுபடியும் பக்கவாதம் வந்துவிட்டதோ என்று கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். உதடுகள் ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின.

"உப்... பு."

"என்னங்க?"

"உப்பு... இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலில் குற்றம் சொல்லாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அதற்காக அவள் எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பாள்! இப்போது எழுந்து போய், உப்பு டப்பாவை எடுத்து, அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அசதியில் மறந்தது அவள்தான்; மறக்கவைத்தது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை நாள் வாய்மூடிக் கிடந்த சாமியை நினைத்து, அழுகையோடு சிரிப்பும் வந்தது. நாளைக்கும் விரிப்புகள் குவிந்துதான் கிடக்கும். அவரைப் புரட்டித் துடைக்கும் வேலையும் இருக்கும். எதுவும் குறையப் போவதில்லை.

உள்ளே கட்டில் சட்டத்தை இடது கை தட்டியது. பசி. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், ஒரு சிட்டிகை உப்பைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தபடி நின்றாள்.

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."